மார்மன் சபை வெள்ளைக்காரர்களின் சபையா?

கேள்வி: 2024 ஏப்ரல் 14

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டிக்கு வருகிறோம். மார்மன் சபையின் தலைமையிடம் அந்த ஊர்தான். மார்மன் சபை என்றால் வெள்ளைக்காரர்களின் சபை, கறுப்பினத்தவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்த சபை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் ஞாயிறு வழிபாட்டுக்குக் கட்டாயம் அழைப்பார்கள் என்கிறார்கள். நம் நிறத்தவர் அங்கே போனால் எப்படிப் பார்ப்பார்கள்? அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15

ஒதுக்கி வைத்தது உண்மை. வெள்ளைக்காரர்களின் சபை என்பது பழைய கணக்கு. உறுப்பினர்கள் இப்போது 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்கிறார்கள்; 1996-லேயே எண்ணிக்கை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மெக்சிகோ, பிரேசில், பிலிப்பைன்ஸ், நைஜீரியா என்று பரவிக் கிடக்கிறது.

நான் இருப்பது சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய வெஸ்ட் வேலி சிட்டி. முதியோர் இல்லத்தில் வேலை. நெல்லைச் சீமையின் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள், மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெறவில்லை. பக்கத்து வீட்டுத் தோங்கா (பசிபிக் தீவு நாடு) குடும்பத்தோடு வழிபாட்டுக்குப் போய்வருகிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே எந்தச் சபைக்குப் போவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. நம் ஊரில் எந்த ரேஷன் கடை என்பதை முகவரி முடிவு செய்வது போல, எந்த வார்டு, அதாவது எந்த உள்ளூர்ச் சபை, என்பதை வீட்டு முகவரி முடிவு செய்கிறது. பிரசங்கம் பிடிக்கவில்லை, பாட்டு பிடிக்கவில்லை என்று அடுத்த தெருச் சபைக்கு மாறுவது வழக்கமில்லை. பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுவதும் தன் பிழைப்பைப் பார்ப்பவர்தான் ஞாயிற்றுக்கிழமை மேடையில் உட்காருகிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் அந்த இடத்துக்கு வருகிறார். எங்கள் பக்கத்துத் தோங்கா வார்டின் பிஷப் வீட்டுக் கூரை போடும் தொழில் செய்பவர். மருத்துவர் ஒருவர் அவர் முன்னால் உட்கார்ந்து தன் வீட்டுச் சங்கடத்தைச் சொல்லி ஆலோசனை கேட்பதை இங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆகவே தெருவில் யார் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள்தான் வார்டு. கலப்பான தெரு என்றால் கலப்பான வார்டு. வசதியான வெள்ளையர்கள் மட்டும் குடியிருக்கும் மலையடிவாரம் என்றால் வார்டும் அப்படியே. வீட்டு விலை போட்ட கோட்டை வார்டு எல்லை அழிப்பதில்லை.

எங்கள் தெருமுனைக் கட்டடத்தை மூன்று வார்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. காலையில் ஆங்கிலம், அடுத்து ஸ்பானிஷ், மதியம் தோங்கா.

ஏப்ரல் 15, இரவு

தோங்கா வார்டு எப்படி இருக்கும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்.

ஆண்கள் வெள்ளைச் சட்டை, டை, மேலே கோட்டு. இடுப்புக்குக் கீழே கால்சட்டைக்குப் பதில் துபெனு என்ற வேட்டி. அதன்மேல் தாஓவாலா: பாய் போலப் பின்னிய ஓலைத் துணியை இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுவது அவருடைய பாட்டனாருடையது. ஓரங்கள் பிரிந்து நார் நாராகத் தொங்கும். அதைத் தைத்துச் சரிசெய்யக் கூடாதாம். பழசாகப் பழசாக மதிப்பு கூடும். அவர் பெஞ்சில் உட்காரும்போது ஓலை நெரியும் சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும். திருவிருந்துக்கு ரொட்டியும் தண்ணீரும்தான், திராட்சைரசம் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் தட்டுகளை வரிசை வரிசையாக எடுத்து வருவார்கள். அவர்கள் இடுப்பிலும் தாஓவாலா.

பாட்டைப் பற்றி எப்படிச் சொல்வது! பாட்டுகளில் பல ஆங்கில வார்டிலும் பாடுபவைதான், ராகமும் அதே ராகம். ஆனால் இவர்கள் நான்கு குரலாகப் பிரிந்து நெஞ்சைத் திறந்து பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆங்கில வார்டில் அதே பாட்டைத் தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பது போலப் பாடுகிறார்கள்.

வழிபாடு முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. சேம்பு இலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொதிந்து வேகவைத்த லூ. தேங்காய்ப்பால் வாசனை அடித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஏப்ரல் 18

இழையில் இருவர் “1978 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்கவே இல்லை” என்று எழுதியிருக்கிறார்கள். அது அப்படியில்லை, நடந்தது அதைவிடக் கொடுமையானது என்பது என் எண்ணம். சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டு கதவுக்கு உள்ளேயே நிறுத்தி வைத்தார்கள்.

சபை தொடங்கியது 1830-இல். 1836-இல் எலைஜா ஏபல் என்ற கறுப்பின மனிதருக்கு ஆசாரியத்துவம் கொடுக்கப்பட்டது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் உயிரோடிருந்த காலம் அது. ஸ்மித் 1844-இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் மக்களை யூட்டாவுக்கு நடத்தி வந்தார். 1847-இல் வந்த அந்த முதல் கூட்டத்திலேயே கிரீன் ஃபிளேக் போன்ற அடிமைகளும் இருந்தார்கள். 1852-இல் பிரிகாம் யங் யூட்டா சட்டமன்றத்திலேயே, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு யூட்டாவில் அடிமைமுறையைச் சட்டமாக்கினார்கள்.

ஆசாரியத்துவம் என்றதும் நம்மவர்கள் ஏதோ குருப்பட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சபையில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கே அது கிடைக்கிறது. ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் வர அது வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தகப்பனுக்கு அது வேண்டும். ஞாயிறு வழிபாட்டுக் கட்டடம் வேறு, உயர் சடங்குகளுக்கான ஆலயம் வேறு; தடை அந்த ஆலயச் சடங்குகளுக்கும் நீண்டது. கணவன், மனைவி, பிள்ளைகளை நித்தியத்துக்கும் குடும்பமாக இணைக்கும் சடங்கும் அதில் அடக்கம். ஆகவே கறுப்பினப் பெண்களும் வெளியே நின்றார்கள். பையன் வளர்ந்து பன்னிரண்டைத் தொடும்போது, கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் தட்டை எடுக்க எழுந்து போவார்கள். இவன் மட்டும் தாய் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அந்தத் தாய் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்?

ஜேன் மானிங் ஜேம்ஸைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கனெக்டிகட்டில் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினப் பெண். 1843-இல் குடும்பத்தோடு, அப்போது சபையின் தலைமையிடமாக இல்லினாய்ஸில் இருந்த நாவூ நகருக்குக் கிளம்பினார். பஃபலோ வரை வந்ததும் கப்பலில் ஏற்றவில்லை. அங்கிருந்து 800 மைல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்து பாதம் வெடித்து, நடந்த இடத்தில் ரத்தச் சுவடு பதிந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஸ்மித் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1847-இல் யூட்டாவுக்கு வந்தார். முதுமை வரை ஆலயச் சடங்குக்காகத் தலைவர் மாற்றித் தலைவரிடம் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். 1894-இல் அவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? ஜோசப் ஸ்மித்துக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரியாக அவரை இணைக்கும் ஒரு சடங்கு. அதற்கும் அவரை ஆலயத்துக்குள் விடவில்லை. வேறொரு பெண் அவருக்குப் பதிலாக நின்றார். 1908-இல் இறந்தார். அவர் கேட்ட சடங்கு அவர் பெயரில் 1979-இல்தான் நடந்தது.

ஏப்ரல் 19

“வரிச்சலுகையை ரத்து செய்வோம் என்று அரசாங்கம் மிரட்டியதால்தான் 1978-இல் மாறினார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பல இடங்களில் சுற்றும் கதை, ஆதாரமில்லாதது. வெளி அழுத்தம் இருந்தது உண்மை. 1969-இல் வயோமிங் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் 14 பேர், மார்மன் பல்கலைக்கழகமான பிரிகாம் யங் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கறுப்புப் பட்டை அணிய அனுமதி கேட்டார்கள். கேட்டதற்கே பயிற்சியாளர் 14 பேரையும் அணியிலிருந்து நீக்கிவிட்டார். உள்ளேயும் அசைவு இருந்தது. 1971-இல் சால்ட் லேக் சிட்டியின் கறுப்பின உறுப்பினர்களுக்காக ஜெனிசிஸ் குழு அமைந்தது; ரஃபின் பிரிட்ஜ்ஃபோர்த் அதன் தலைவர். 1973-இல் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் மருத்துவர் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, தடை ஜோசப் ஸ்மித்திடமிருந்து வந்ததற்குச் சான்றில்லை என்று காட்டினார்.

ஆனால் முடிச்சை இறுக்கியது பிரேசில் என்றே நான் நினைக்கிறேன். அந்த நாட்டில் யாருடைய ரத்தத்தில் ஆப்பிரிக்கா இல்லை என்று யார் சொல்ல முடியும்? மிஷனரிகள் வீடுவீடாகப் போய் பழைய புகைப்படங்களைப் பார்த்து, பாட்டன் முப்பாட்டனின் நிறத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 1975-இல் சாவோ பாவ்லோவில் ஆலயம் கட்டப் போவதாக அறிவித்தார்கள். ரியோவைச் சேர்ந்த ஹெல்வேசியோ மார்ட்டின்ஸ் என்ற கறுப்பின மனிதர் 1972-இல் குடும்பத்தோடு சபையில் சேர்ந்திருந்தார். தான் நுழைய முடியாத அந்த ஆலயத்துக்காக அவர் உழைத்தார். 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது தடை நீங்கியது. அக்டோபர் இறுதியில் ஆலயம் திறந்தது. மார்ட்டின்ஸின் மகன் மார்கஸ், நிச்சயித்த திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மிஷனரியாகக் கிளம்பினார். 1990-இல் தந்தை, உலகெங்குமுள்ள சபையை நடத்தும் பொது அதிகாரிகளில் ஒருவரானார். கறுப்பினத்தவர் ஒருவர் அந்த நிலைக்கு வந்தது அதுவே முதல்முறை.

ஏப்ரல் 23

கானாவை விட்டுவிட்டேனே. 1964-லிருந்து ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர், சபை தன் நாட்டுக்கு வராதபோதே, கையில் கிடைத்த மார்மன் புத்தகத்தை (சபையின் வேதநூல்) வைத்துக்கொண்டு தானாகவே சபைகள் நடத்தினார். கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். 1978 டிசம்பரில்தான் மிஷனரிகள் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நைஜீரியாவில் ஆன்டனி ஒபின்னாவும் அப்படியே; அவருக்கு அதே ஆண்டு நவம்பர்.

ஜான்சனின் கூட்டங்களில் மேளம் உண்டு, கைதட்டல் உண்டு, ஆட்டம் உண்டு. மிஷனரிகள் வந்தபின் அவை வழிபாட்டிலிருந்து வெளியேறின. அமெரிக்கப் பாட்டுப் புத்தகமும் அமைதியும் வந்தன. பதினான்கு ஆண்டுகள் தாங்களாகவே சபையைக் கட்டி நின்ற மக்களிடம் போய், இப்படித்தான் பாட வேண்டும் என்று சொல்வதற்கு யாருக்கு என்ன உரிமை? எனக்கு ஆறவே இல்லை.

மே 5

மொழிவாரி வார்டு என்பதே ஒருவகைப் பிரிவினை, ஒரே கட்டடத்தில் மூன்று வேளை என்பது மூன்று தெரு என்பதற்குச் சமம் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. ஒரே ஊரில் எந்தத் தெருவுக்கு எந்தக் கோயில் என்று பார்த்து வளர்ந்தவள் நான். கால அட்டவணையை முதலில் பார்த்தபோது எனக்கும் அதே சந்தேகம்தான் எழுந்தது.

பழகிப் பார்த்தபின் வேறாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆங்கிலம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான். ஆங்கில வார்டில் அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், கையைப் பிடித்துச் சிரிப்பார்கள், அதோடு சரி. தோங்கா வார்டில் அவர் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தில் பாடம் நடத்துகிறார். உபவாச ஞாயிறன்று எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சாட்சி சொல்கிறார். நிறுத்த மனமில்லாமல் சொல்கிறார். பிஷப்பையே கண்டிக்கிறார். ஒரு சபையில் ஒருவர் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவதற்கும் பொறுப்பெடுத்து நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு அந்த முகத்தில் தெரிகிறது. யாரும் அவரை அங்கே அனுப்பவில்லை. ஆங்கில வார்டுக்குப் போக விரும்பினால் தடையும் இல்லை. தெரு பிரித்ததற்கும் இதற்கும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பேரப்பிள்ளைகள் கதை வேறு. தோங்கா மொழி புரியும், பேச வராது. பாட்டியின் சாட்சியில் பாதி அவர்களுக்கு நழுவிப்போகிறது. மூத்த பேத்தி ஆங்கில வார்டுக்கு மாறிவிட்டாள். வீட்டில் ஒரு மாதம் பேச்சு சுமுகமாக இல்லை. இதற்கு விடை என்னிடம் இல்லை. அந்தக் குடும்பத்திடமும் இல்லை.

மே 6

மெக்சிகோவில் இதே கேள்வி பெரும் பிளவாகவே வெடித்திருக்கிறது. அந்நாட்டு அரசு 1926-இல் வெளிநாட்டுக் குருமார்களை வெளியேற்றியது. மெக்சிகோ உறுப்பினர்களே சபையை நடத்தினார்கள். நடத்திக் காட்டியபின், எங்கள் மிஷன் தலைவர் எங்கள் இனத்தவராக இருக்கட்டும் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். 1936-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து போனார்கள். மூன்றாம் மாநாட்டினர் என்று அவர்களுக்குப் பெயர். பிரிந்தும் அதே புத்தகத்தைப் படித்தார்கள், அதே திருவிருந்தை எடுத்தார்கள். 1946-இல் சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் நேரில் வந்து பேசிய பிறகு சுமார் 1,200 பேர் திரும்பினார்கள். பத்து ஆண்டுப் பிரிவு, ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டதால் தீர்ந்தது. முன்பே வந்திருக்கலாமே.

மே 8

தமிழர்களுக்கும் இந்தச் சபைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, பழைய தொடர்பு. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் முதலிய மிஷனரிகள் யூட்டாவிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். அங்கே ஒரு பத்திரிகைகூட அச்சிட்டார்கள். ஓராண்டில் பாலன்டைன் திரும்பிவிட்டார், விதை பிடிக்கவில்லை. நூறாண்டுக்குப் பிறகு கோயம்புத்தூரில் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் 1954-இல் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கண்டு கடிதம் எழுதத் தொடங்கினார். 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். கானாவின் ஜான்சனைப் போலவே கடிதம் எழுதிக் காத்திருந்த மனிதர். பின்னர் பெங்களூரில் ஆலயம் கட்டவும் முடிவாயிற்று. 2018-இல் அறிவித்தார்கள், 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

மே 28

நேற்று நினைவேந்தல் நாள் விடுமுறை. பக்கத்து வீட்டாரோடு ஐயோசெபா போனேன். சால்ட் லேக் சிட்டிக்குத் தென்மேற்கே, ஸ்கல் வேலி என்ற வறண்ட பள்ளத்தாக்கு. உப்பு பூத்த மண், முட்புதர், வெயில்.

1889-இல் ஹவாய் தீவைச் சேர்ந்த மார்மன்களைக் குடியமர்த்திய இடம் இது. ஆலயத்துக்கு அருகில் வாழ வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவர்கள். சால்ட் லேக் சிட்டியில் அவர்களுக்கு வேலையும் கிடைக்கவில்லை, அக்கம்பக்கத்தார் முகம் கொடுக்கவும் இல்லை. சபை இந்த நிலத்தை வாங்கி இங்கே கொண்டுவந்து விட்டது. கடற்கரையில் பிறந்தவர்கள் பாலைவனத்தில் தண்ணீர் பாய்ச்சி, மரம் நட்டு, ஊரை எழுப்பினார்கள். அந்த ஊரின் அழகுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. ஹவாயில் லையே என்னும் ஊரில் ஆலயம் எழும்புகிறது என்ற செய்தி வந்ததும் திரும்பினார்கள். 1917-இல் ஊர் காலி.

கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஹவாய், தோங்கா, சமோவா வம்சத்தவர் கூடிவந்து கல்லறைகளுக்கு மாலை சூட்டுகிறார்கள், பன்றியை நெருப்பில் வாட்டிச் சமைக்கிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். பல கல்லறைகள் மிகச் சிறியவை. குழந்தைகள். ஒன்றின்மேல் யாரோ சிறு சங்கு வைத்திருந்தார்கள். பாட்டி ஒவ்வொன்றாக நின்று பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். இவர்களில் எவரும் அவர் உறவினர் இல்லை.

பக்தியோடு வந்தவர்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள மனம் வராமல் பாலைவனத்துக்கு அனுப்பியதை, தியாக வரலாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. தியாகம் அவர்களுடையது. அனுப்பியவர்களுடைய பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 3

பாட்டைப் பற்றி நல்ல செய்தி. சபையின் ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் 1985-இல் வந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே புதிய புத்தகம் தயாராகிறது. அதன் முதல் தொகுதியைச் சென்ற வாரம் வெளியிட்டார்கள். அதில் ‘அமேசிங் கிரேஸ்’ இருக்கிறது. கறுப்பினச் சபைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உயிரைக் கொடுத்துப் பாடிவரும் பாட்டு. அந்தச் சபைகளிலிருந்து மார்மன் ஆனவர்கள் இத்தனை காலம் அதை வீட்டோடு விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. என்னோடு இரவுப் பணியில் இருக்கும் கறுப்பினச் சகோதரி செய்தியைக் கைப்பேசியில் காட்டிவிட்டு, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே முதல் சரணத்தைப் பாடினார். அறை எண் நான்கில் இருந்த முதியவர் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டார்.

மேளத்துக்கும் ஒரு நாள் வரட்டும்.

ஜூன் 9

இழையில் யாரும் தொடாத ஒன்று: இந்த மண்ணின் பூர்வகுடிகள். இதைப் பேசாமல் மார்மன் சபையின் பன்மையைப் பேச முடியாது.

மார்மன் புத்தகத்தில் லாமானியர் என்ற மக்கள் வருகிறார்கள். கீழ்ப்படியாமையால் அவர்கள்மேல் கறுத்த தோல் வந்தது என்ற வசனம் உண்டு. கறுப்பர், வெள்ளையர், அடிமை, சுதந்திரர், ஆண், பெண் எல்லோரும் தேவனுக்கு ஒன்றே என்ற வசனமும் அதே புத்தகத்தில்தான் உண்டு. அமெரிக்கப் பூர்வகுடிகளே லாமானியரின் வழிவந்தவர்கள் என்று நெடுங்காலம் போதித்தார்கள். ஒருபுறம் அது பெருமை: வாக்குத்தத்தம் பெற்ற மக்கள் நீங்கள் என்றார்கள். மறுபுறம் உங்கள் நிறம் ஒரு சாபத்தின் அடையாளம் என்றார்கள். ஒரே வாயால் இரண்டையும் சொன்னார்கள்.

1947-இல் யூட்டாவின் ரிச்ஃபீல்டு பகுதியில் தொடங்கிய ஏற்பாடு ஒன்று, 1954 முதல் சபைத் திட்டமானது. பூர்வகுடிப் பிள்ளைகள், பெரும்பாலும் நவஹோ பிள்ளைகள், பள்ளி ஆண்டு முழுவதும் வெள்ளை மார்மன் குடும்பங்களில் தங்கிப் படிப்பார்கள்; கோடையில் மட்டும் வீடு திரும்புவார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் இப்படிப் போய்வந்தார்கள். 1990-களில் அது ஓய்ந்தது.

என்னோடு வேலை செய்யும் நவஹோ அக்கா அப்படிப் போனவர். பஸ்ஸில் இரவெல்லாம் பயணம். இறங்கியதும் குளிப்பாட்டி, தலையில் பேன் மருந்து தேய்த்து, மருத்துவர் பரிசோதித்து, சட்டையில் பெயர்ச்சீட்டு குத்திப் புதுத் தாயிடம் ஒப்படைத்தார்களாம். அந்தத் தாயைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்ல மாட்டார். பியானோ கற்றுக்கொடுத்தவர், கல்லூரிக்குப் பணம் கட்டியவர், மரணப்படுக்கையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே இறந்தவர். ஆனால் ஒரு கோடையில் ஊருக்குப் போனபோது, சொந்தப் பாட்டி சொன்ன கதை ஒன்று தனக்குப் புரியவில்லை, தாய்மொழி கையைவிட்டுப் போயிருந்தது என்று சொல்லும்போது அக்காவின் குரல் இறுகிவிடுகிறது. இரண்டும் அவருக்கு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க அவர் சம்மதிப்பதில்லை.

இந்தத் திட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்தவர் ஸ்பென்சர் கிம்பல். 1960-இல் பொது மாநாட்டு மேடையில் நின்று, மார்மன் வீடுகளில் வளரும் பிள்ளைகளின் நிறம் வெளுத்துவருகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னவர் அவர். 1978-இல் தடையை நீக்கியவரும் அவரே. வேறு எந்தத் தலைவரைவிடவும் பூர்வகுடிகளோடு அதிகம் பழகியவர், அவர்களை நேசித்தவர். நேசம் இருந்தால் போதும், பார்வை தானாகத் திருந்திவிடும் என்று நினைப்பவர்கள் இந்த மனிதரைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஜூன் 10

“இப்போதாவது அந்தப் போதனைகளைக் கைவிட்டார்களா?” என்ற கேள்விக்கு: கைவிட்டார்கள். 2013 டிசம்பரில் சபை தன் இணையதளத்தில் வெளியிட்ட கட்டுரை, கறுத்த தோல் சாபத்தின் அடையாளம் என்ற கொள்கையை வெளிப்படையாக மறுக்கிறது. தடையின் தொடக்கம் பிரிகாம் யங் காலத்தது என்றும் சொல்கிறது. 2020 அக்டோபர் மாநாட்டில் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், இனவெறுப்பை விட்டொழிப்பதில் உறுப்பினர்கள் முன்நிற்க வேண்டும் என்றார். வயோமிங்கின் 14 பேரில் எஞ்சியவர்களும் சபையும் அதே ஆண்டு சேர்ந்து ஏழைகளுக்கு உணவு வழங்கினார்கள்.

நல்லது. ஆனால் முறையான மன்னிப்பு இல்லை. அந்தக் கட்டுரை இணையத்தில் தேடுபவருக்குத்தான் கிடைக்கிறது. வார்டு மேடையில் ஒருவரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை. பழைய விளக்கங்களோ ஒரு நூறாண்டுக்கு மேல் மேடையிலிருந்து, வகுப்பிலிருந்து, அப்பா சொல்லிப் பிள்ளைக்கு என்று இறங்கியவை. முதியோர் இல்லத்தில் அவற்றை இன்னும் நம்புகிறவர்களுக்கு நான் சோறூட்டுகிறேன். அன்பானவர்கள்தான். மேடையில் சொன்னதை மேடையிலேயே திரும்பப் பெற வேண்டும். ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு மொழியிலும்.

ஜூன் 23

ஒருவர் கடைசியாகக் கேட்டது: உறுப்பினர்களில் பாதிப்பேர் வெளிநாட்டவர் என்றால் தலைமை ஏன் அப்படி இல்லை?

தலைமை மாறும் விதம் அப்படி. தலைவரும் இரு ஆலோசகர்களும் பன்னிரண்டு அப்போஸ்தலருமாக உச்சியில் 15 பேர். அப்போஸ்தலர் பொறுப்பு சாகும்வரை. ஒருவர் இறந்தால்தான் இடம் காலியாகும். தலைவர் இறந்தால், பணியில் மூத்த அப்போஸ்தலர் தலைவராகிறார், தேர்தல் கிடையாது. ஆகவே இன்று உச்சியில் தெரிவது முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய சபையின் முகம். 2018-இல் சீன வம்சாவளி அமெரிக்கரான கெரிட் காங்கும் பிரேசிலின் உலிசெஸ் சோவாரெஸும் ஒரே நாளில் அப்போஸ்தலர் ஆனார்கள். ஆசிய வம்சத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் அந்த வரிசைக்கு வந்தது அதுவே முதல்முறை. பெண்கள் அமைப்புகளில் கொஞ்சம் முன்பே அசைந்தது: ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவரான சியெகோ ஒகாசாகி 1990-இல் ஒத்தாசைச் சங்கத்தின் பொதுத் தலைமைக் குழுவில் ஆலோசகரானார். 2022-இல் ட்ரேசி பிரவுனிங் சிறுவர் அமைப்பின் பொதுத் தலைமைக் குழுவில் ஆலோசகரானார். கறுப்பினப் பெண் ஒருவர் அந்த நிலைக்கு வந்தது அப்போதுதான்.

கறுப்பின அப்போஸ்தலர் இன்றுவரை ஒருவரும் இல்லை. பொறுத்திருங்கள், வரும் என்கிறார்கள். எவ்வளவு பொறுப்பது? கென்யாவின் ஜோசப் சிட்டாட்டி 2009-இலும் ஜிம்பாப்வேயின் எட்வர்ட் டூபே 2013-இலும் பொது அதிகாரிகளாகிவிட்டார்கள். உரிய அனுபவமுள்ளவர் கிடைக்கவில்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது. அடுத்த இடம் காலியாகும்போது அறிவிக்கப்படும் பெயர் ஆப்பிரிக்கப் பெயராக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதைத் தோங்கா பாட்டியிடமும் சொன்னேன். தீவிலிருந்து ஒருவரையும் சேர்த்துச் சொல் என்றார்.